டி.எஸ். சேனநாயக்க, காணி அமைச்சராக: எங்கட திருகோணமலைப் பக்கத்தில் எது அவருடையது, எது இல்லை?

மூதூர் வாசகி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வாசிகசாலை மலருக்கு நாலு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கு. ஆள் இலங்கையின் முதற் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க. ஆனால் பிரதமராக இல்லை, விவசாய காணி அமைச்சராக. தமிழில் கிடைக்கிறது ரெண்டு வகை. ஒண்டு "தேசபிதா, குதிரையால் விழுந்து காலமானார்" எண்டு முடியும். மற்றது "குடியேற்றத்தைத் தொடக்கி வைச்சவர்" எண்டு ஒரே வரியில் கணக்கை முடிக்கும். நடுவில் அமைச்சுக்குள்ள இருந்து என்ன செய்தார் எண்டது காணோம்.

எந்தக் காலத்தில் அமைச்சராக இருந்தார், அந்தப் பதவிக்கு அப்ப என்ன அதிகாரம்? கிழக்கில் இருக்கிற கந்தளாய், அல்லை, கல்லோயாக் குடியேற்றத் திட்டங்கள் மூண்டையும் அவருடைய அமைச்சுக் கணக்கில் எழுதலாமா? இப்ப ஆக்களின் கையில் இருக்கிற எல்.டி.ஓ பெமிற்றுக்கும் (அரச காணிக்கான உத்தரவுப்பத்திரம்) அவருக்கும் நேரடித் தொடர்பு உண்டா? தெரிஞ்சவங்கள் சொல்லுங்கோ.

---

கச்சேரிக்காகிதம்:

முதல் கேள்வியை மட்டும் எடுக்கிறேன். அது சரியாக விளங்காட்டி மற்ற ரெண்டும் கோணலாகப் போகும்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்து அரசாங்க சபை எண்ட சட்டசபை தொடங்கியது. அப்ப பிரதமர் எண்ட பதவி கிடையாது. சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிஞ்சாங்கள். ஒவ்வொரு குழுவும் தனக்குள்ள ஒரு தலைவரைத் தெரிஞ்சால், அவரைத் தேசாதிபதி அமைச்சராக நியமிப்பார். விவசாயமும் காணியும் ஒரே குழு. அதன் தலைவராக மினுவாங்கொடை உறுப்பினர் சேனநாயக்க வந்தார். 1936 தேர்தலுக்குப் பிறகும் அவரே. அரசாங்க சபைக் காலத்தின் பெரும்பகுதி, ஏறத்தாழ 15 வருடம், ஒரே கதிரை. 1942இல் சேர் பாரன் ஜயதிலக்க இந்தியாவுக்குப் போனபிறகு சபைத் தலைவர் பொறுப்பும் இவரிடம் வந்தது. அதற்குப் பின்னால் அவரின் கவனம் அரசியலமைப்புப் பேச்சுவார்த்தைப் பக்கம் திரும்பியது. ஆகவே "காணி அமைச்சர் சேனநாயக்க" எண்டு எழுதினால் பாரம் 1931 முதல் 1942 வரை விழ வேண்டும்.

குழு முறையில் அமைச்சர் தனியாக ஒண்டும் செய்ய ஏலாது. குழு ஒத்துக்கொள்ள வேண்டும், அமைச்சர் சபை ஒத்துக்கொள்ள வேண்டும். காசுப்பெட்டி நிதிச் செயலாளர் கையில், அவர் பிரித்தானிய அதிகாரி. இந்தப் பூட்டுகளுக்குள் இருந்துகொண்டு ஒரு சட்டத்தையும் ஒரு திணைக்களத்தையும் நிலைநிறுத்தியதுதான் அவரின் சாமர்த்தியம். அணைக்கட்டுப் படங்களைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு இது தெரியாமல் போகிறது.

அந்தச் சட்டம் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். எல்.டி.ஓ எண்டு நாங்கள் சொல்லுறது இதைத்தான். ஆனால் யோசனை அவர் தலையில் முளைச்சதில்லை. 1927இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவில் அவரும் ஒரு உறுப்பினர். அதற்கு முன்னாலேயே சி.வி. பிறேன் எண்ட சிவில் அதிகாரி மட்டக்களப்பில் அரசாங்க அதிபராக இருந்து, முடிக்குரிய (அரச) காணியை விற்காமல், நிபந்தனையோட விவசாயிக்குக் கொடுக்கும் முறையைப் பரீட்சித்துப் பார்த்தார். அப்ப திருகோணமலையும் மட்டக்களப்புக் கச்சேரியின் (அரசாங்க அதிபர் அலுவலகம்) கீழ் வந்த கிழக்கு மாகாணம்தான். நாடு முழுக்கப் பரவின பெமிற் முறைக்கு நாற்றுமேடை கிழக்கு மண் எண்டதைக் கட்டுரையில் கட்டாயம் போடுங்கோ. பிறகு காணி ஆணையாளர் பதவி உருவானபோது அதிலும் பிறேன் இருந்தார்.

அந்த முறைக்குக் காரணம் என்ன? அதுவரை முடிக்குரிய காணியை ஏலத்தில் விற்றாங்கள். காசுள்ளவன் வாங்கினான். இனாமாகக் கொடுத்தாலும் ஏழை விவசாயி ரெண்டு போகம் பிழைச்சால் கடைக்காரனிடம் ஈடு வைப்பான், மூன்றாம் வருடம் காணி கைமாறும். பிள்ளைகளுக்குப் பிரிச்சால் கால் ஏக்கர், அரைக்கால் ஏக்கர் எண்டு துண்டாகும். இந்த மூண்டையும் அடைக்கத்தான் விற்கவும் ஈடுவைக்கவும் துண்டாக்கவும் முடியாது, ஒரு ஆளுக்குத்தான் பின்னுரிமை (இறந்தபின் காணிக்கு வருகிற உரித்து) எண்ட விதிகள்.

சட்டத்தின் 8ஆம் பிரிவையும் பாருங்கோ. அரச காணியை எந்தெந்தத் தேவைக்கு ஒதுக்கலாம் எண்ட பட்டியல் அங்க இருக்கு: கிராம விஸ்தரிப்பு, மேய்ச்சல் தரை, குடியேற்றம், மத்தியதர வகுப்பாருக்கான காணி எண்டு போகும். முதலில் வரைபடத்தில் ஒதுக்கீடு, பிறகு காணிக் கச்சேரி (காணி பெறுகிறவரைத் தெரியிற அமர்வு), பிறகு பெமிற். இந்த ஒழுங்குக்குள்தான் 1930களில் மின்னேரியா வந்தது, வடக்கில் 1936இல் இரணைமடுவை நம்பிய கிளிநொச்சிக் குடியேற்றமும் வந்தது. பின்னதை எங்கட ஆக்கள் அனேகமாக மறந்து விடுவாங்கள்.

இன்னொரு சங்கதி. இந்தச் சட்டம் காணி கொடுக்கிறது "இலங்கையருக்கு". அந்தச் சொல்லுக்கு 1935இல் கொடுத்த வரைவிலக்கணம் பிறப்பு வழி வதிவிடத்தைக் கேட்டது. தோட்டத்து இந்திய வம்சாவளித் தமிழர் பெரும்பாலும் அதில் விடுபட்டாங்கள். 1948 பிரசாவுரிமைச் சட்டத்துக்கு 13 வருடம் முன்னமே காணிச் சட்டத்துக்குள் அந்தக் கோடு விழுந்துவிட்டது.

---

கடைமடை:

ரெண்டாவது கேள்வி எனக்கு. மூண்டையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

கல்லோயா அவர் பிரதமரான பின். கல்லோயா அபிவிருத்திச் சபைச் சட்டம் 1949. பட்டிப்பளை ஆற்றை மறிச்ச அணையைக் கட்டினது மொறிசன் நூட்சன் எண்ட அமெரிக்கக் கொம்பனி. அந்த நேரம் விவசாய காணி அமைச்சர் மகன் டட்லி. குளத்துக்குச் சேனநாயக்க சமுத்திரம் எண்டு பெயர் வைச்சதால் எல்லாரும் அதை அமைச்சுக் காலத்தில் செருகி விடுகிறாங்கள்.

கந்தளாய்க் குளம் அவருக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் மூத்தது. குளக்கோட்டன் கோணேசர் கோயிலுக்காகக் கட்டினான் எண்ட ஐதீகம் எல்லாருக்கும் தெரியும். பிரித்தானியர் அதைத் திருத்தினது 1870களை ஒட்டி. அப்பவே தம்பலகாமத்து வட்டைகள் (வயல்வெளிகள்) அந்தத் தண்ணியில்தான் விளைஞ்சது. கந்தளாய்க் குடியேற்றமும் வெருகல் ஆற்றுத் தண்ணியை எடுத்த அல்லைத் திட்டமும் பெருத்தது சுதந்திரத்துக்குப் பிறகு, முக்கியமாக 1950களில். பதவியாக் குடியேற்றம் அதற்கும் பிந்தியது. ஆகவே சரியான வரி இப்படி வரும்: சட்டம் அவருடைய அமைச்சுக் காலம், எங்கட மாவட்டத்துக் குடியேற்றம் அவருடைய பிரதமர் காலமும் அவருக்குப் பின் வந்தவர்களின் காலமும்.

ஏன் 1930களில் இங்க பெரிதாக நடக்கேல்லை எண்டு கேட்பாங்கள். முதற் காரணம் மலேரியா. 1934–35 கொள்ளைநோய் நாட்டையே உலுக்கிச்சுது. வறண்ட வலயத்துக்கு ஆளைக் கொண்டு வந்தாலும் நிற்கமாட்டாங்கள். 1940களின் நடுவில் டி.டி.ரி பூச்சிமருந்துத் தெளிப்பு வந்தபிறகுதான் காடு திறந்தது. அடுத்தது காசு. முதலில் குடியேறுபவனே காடு வெட்டி வீடு கட்ட வேண்டியிருந்தது. 1939 அளவில்தான் அரசாங்கமே காடு வெட்டி, வீடு கட்டிக் கொடுக்கிற முறைக்கு மாறினாங்கள். அப்படி மாறினபிறகு ஒரு குடும்பத்துக்கான செலவு ஏறிச்சுது, காணியின் அளவு குறைஞ்சுது. முந்தி 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும். 1950களில் 3 ஏக்கர் வயல், 2 ஏக்கர் மேடு. பிறகு மகாவலித் திட்டத்தில் இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் குடியிருப்பும். எந்தக் குடியேற்றத்தைப் பற்றி எழுதினாலும் இந்த அளவைப் பார்த்தே எந்தக் காலத்துத் திட்டம் எண்டு கிட்டத்தட்டச் சொல்லலாம்.

திருகோணமலை மாவட்டச் சனத்தொகைக் கணக்கைப் போடப் போறீங்கள் எண்டால் கவனம். வழக்கமாக 1921ஐயும் 1981ஐயும் பக்கத்தில் வைச்சு, நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்த சிங்களவர் மூன்றில் ஒரு பங்கானாங்கள், எல்லாம் குடியேற்றம் எண்டு எழுதுவாங்கள். இடையில் 1946 கணக்கெடுப்பு இருக்கு. அதிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கந்தளாயும் அல்லையும் அப்ப நிரம்பேல்லை. அந்த ஏற்றத்தில் யுத்தகாலத் துறைமுகத்துக்கும் கடற்படைத் தளத்துக்கும் வேலைக்கு வந்த ஆக்களின் பங்கு பெரிது. 1946இல் இருந்து 1981 வரை ஏறினதுதான் குடியேற்றத் திட்டங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, அதுவும் வீதத்தில் மட்டும் பார்த்தால் போதாது, எந்தப் பிரிவில் ஏறிச்சுது எண்டு பார்க்க வேண்டும். கந்தளாய், சேருவில, மொறவெவ எண்டு பிரிச்சுப் பார்த்தால்தான் 1977 தேர்தலுக்குச் சேருவில எண்ட புதுத் தொகுதி எப்படி வந்தது எண்டது விளங்கும். இதைத் தவறாக எழுதினால் எதிர்க்கிறவன் அந்த ஒரு பிழையைப் பிடிச்சு முழு வாதத்தையும் தள்ளி விடுவான்.

தண்ணி விசயமும் சேர்த்துக்கொள்ளுங்கோ. குளத்துக்குக் கிட்ட புது வயல் வந்தால் பழைய வயல் கடைமடையாகும். மடை ஒரே அளவுதான் திறக்கும், ஆனால் வாய்க்காலின் தலைப்பில் பரப்புக் கூடிவிட்டது. சிறுபோகத்தில் முதலில் காய்கிறது வாலில் இருக்கிற தம்பலகாமம். காணி எங்க கொடுத்தாங்கள் எண்டு மட்டும் பார்த்து, தண்ணி எங்க போச்சு எண்டு பார்க்காமல் எழுதின கட்டுரைகள்தான் கூட.

---

மூதூர் வாசகி:

ரெண்டு பேருக்கும் நன்றி. 1946 கணக்கு எனக்குப் புதிது, நானும் அந்தப் பிழையைத்தான் எழுதி வைச்சிருந்தேன். மூண்டாவது கேள்விக்கு யாராவது? ஒரு ஆளுக்குத்தான் பின்னுரிமை எண்டால் மிச்சப் பிள்ளைகள் என்ன செய்யிறது? ஊரில் பாதி வழக்கு இதுதானே.

---

வட்டைவிதானை:

தங்கச்சி, வழக்குப் பாதி இல்லை, முக்கால்வாசி. 1935இல் எழுதினது பல தரம் திருத்தப்பட்டாலும் எலும்பு அப்படியே இருக்கு. கட்டுரைக்கு மட்டுமில்லை, பெமிற் வைச்சிருக்கிற எல்லாருக்கும் உதவும், அதால் கொஞ்சம் விரிவாக எழுதுறேன்.

முதலில் கையில் இருக்கிற காகிதம் என்ன எண்டு பாருங்கோ. பெமிற் எண்டால் உத்தரவுப்பத்திரம், நிபந்தனையோட இருக்கவும் செய்யவும் தந்த அனுமதி. நிபந்தனைகளை நிறைவேற்றின பிறகு கிடைக்கிறது அளிப்பு. ஜனாதிபதி கையெழுத்தோட வருகிற சுவர்ணபூமி, ஜெயபூமி எல்லாம் அந்த வகைதான். அளிப்பு கிடைச்சாலும் அது அறுதி உறுதி இல்லை. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் சட்டப்படி வெறும் பேப்பர். நொத்தாரிசு எழுதி முத்திரை குத்தியிருந்தாலும் அதே கதி. 1981இன் 27ஆம் இலக்கத் திருத்தம் வந்தபிறகு குறிப்பிட்ட வங்கிகளில் ஈடுவைக்க வழி திறந்தது, ஆனால் கடைக்காரனிடமும் வட்டிக்காரனிடமும் "பெமிற்றை வைச்சு" காசு எடுக்கிறது அப்பவும் செல்லாது, இப்பவும் செல்லாது.

பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்கிறதுதான் எல்லாரும் கோட்டை விடுகிற இடம். பெமிற்காரர் உயிரோட இருக்கும்போது பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரிடம் போய், பெயர் குறித்து, அது பதிவாக வேண்டும். பெமிற் எண்டால் செயலகப் பேரேட்டில். அளிப்பு எண்டால் காணிப் பதிவகத்தில். படிவம் நிரப்பிக் கொடுத்தது போதாது. பெயர் குறிப்பு மரணத்துக்கு முன் பதிவாகியிருக்காட்டி அது செல்லாது எண்டு சட்டமே சொல்லுது. படிவம் மேசையில் கிடந்து, மனிசன் மூண்டாம் மாதம் மோசம் போனால், படிவமும் மோசம் போச்சு. அதனால் கொடுத்துவிட்டுச் சும்மா வரக் கூடாது. பேரேட்டில் ஏறிட்டுதா எண்டு ரெண்டு கிழமையால் போய்ப் பார்க்க வேண்டும், பெமிற்றின் பின்பக்கத்திலும் குறிச்சு வாங்க வேண்டும்.

பெயர் குறிக்கக் கூடியது மனைவி அல்லது கணவன், இல்லாட்டி சட்டத்தின் 3ஆம் அட்டவணையில் இருக்கிற உறவுகள். மருமகனைப் போட முடியாது, மகளைத்தான் போட வேண்டும். சீதனமாகப் பெமிற் காணியை மாப்பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுத்தது எண்டு சொல்லுறவங்கள் கையில் இருக்கிறது பெறுமதியில்லாத காகிதம்.

பெமிற்காரர் இறந்தால் முதலில் வாழ்க்கைத்துணைக்கு அனுபவிக்கிற உரிமை வரும். ஆனால் அவர் காணியை விற்கவோ, தான் விரும்பின இன்னொருவரைப் பின்னுரித்தாளராக்கவோ ஏலாது. மறுமணம் செய்தால் உரிமை அடுத்த ஆளுக்குப் போகும். "அம்மா எனக்குத்தான் எழுதித் தந்தவா" எண்டு ஒரு பிள்ளை வந்து நிற்கும். அப்பா குறிச்சது வேற பிள்ளையாக இருக்கும். அம்மாவின் எழுத்துக்கு அங்க பலம் இல்லை. குடும்பம் ரெண்டாகிறது இந்த இடத்தில்.

பெயர் குறித்த ஆளுக்கும் தவணை உண்டு. மரணத்தில் இருந்து 6 மாதத்துக்குள் காணியை ஏற்று உள்ள வர வேண்டும். கட்டாரில் வேலை எண்டு வராமல் இருந்தால் உரிமை தவறும். உடனே பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவிச்சு, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைக்கிறது நல்லது.

ஒருவரையும் குறிக்காமல் இறந்தால் 3ஆம் அட்டவணை ஒழுங்கு வேலை செய்யும். 1935இல் இருந்து அதில் மகன் முதலில், மகள் பிறகு. மூத்த அக்கா வயலுக்குள் நிண்டு குடும்பத்தை வளர்த்திருந்தாலும், பட்டணத்தில் கிளாக் வேலை பார்க்கிற தம்பிக்குக் காணி போகும். தாய்வழிச் சீதனமாகப் பெண்ணுக்குக் காணி போகிற கிழக்குக்கு இது நேர் எதிர் முறை. எங்கட வழக்கத்தைத் தெரியாமல் எழுதின விதி எண்டதுதான் என்ரை எண்ணம். 2022இன் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் இந்த ஆண் பெண் பாகுபாட்டை எடுத்தது. 87 வருடம்!

காகிதங்கள்: மூலப் பெமிற் அல்லது அளிப்பு, மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், எல்லாப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் வதிவிட அறிக்கை, மற்ற உரித்தாளர்களின் சத்தியக் கடதாசி. பெயரில் எழுத்து வித்தியாசம் இருந்தால் (கந்தையா, கந்தயா) அதுக்கும் தனிச் சத்தியக் கடதாசி முன்கூட்டியே எடுங்கோ, இல்லாட்டி மூண்டு தரம் திருப்பி அனுப்புவாங்கள். பிறகு குடியேற்ற உத்தியோகத்தர் இடத்துக்கு வந்து யார் இருக்கிறது, யார் செய்யிறது எண்டு பார்ப்பார். அன்றைக்கு வேறு ஆள் வயலுக்குள் நிண்டால் குத்தகைக்கு விட்டது எண்டு அறிக்கை போகும்.

இடம்பெயர்வில் பெமிற் தொலைஞ்சவங்கள் முதலில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எடுத்து, பேரேட்டில் இருந்து உறுதிப்படுத்தின பிரதி கேட்க வேண்டும். பேரேடே இல்லாமல் போன இடங்களும் உண்டு. வடக்கு கிழக்குக்கு எண்டு காணி ஆணையாளர் நாயகம் வெளியிட்ட 2013/01 சுற்றறிக்கை அந்த மாதிரி ஆக்களை நினைச்சு வந்தது. விண்ணப்பத்தில் அந்த இலக்கத்தைக் குறிச்சுக் கேளுங்கோ. "பத்து வருடம் இருந்திட்டம், ஆட்சியுரிமை வந்திட்டுது" எண்ட கதை தனியார் காணிக்கு. அரச காணியில் அதை நம்பினால் 1979இன் 7ஆம் இலக்கச் சட்டப்படி வெளியேறச் சொல்லிக் கடிதம் வரும்.

மிச்சப் பிள்ளைகள் என்ன செய்யிறது எண்டு கேட்டீங்கள். நடைமுறையில் வயலைப் போகத்துக்குப் போகம் மாறிச் செய்வாங்கள், அல்லது வரம்பு போட்டு வாயால் பிரிப்பாங்கள். சட்டத்தில் அது இல்லை. உர மானியம், பயிர்க் காப்புறுதி, வெள்ள நட்டஈடு எல்லாம் கமநல சேவை நிலையத்துப் பதிவில் யார் பெயர் இருக்கோ அவருக்கு. பெமிற் ஒருவர் பெயரில், வெள்ளாமை இன்னொருவர் செய்யிறது எண்டால், ஒவ்வொரு போகமும் தொடங்க முதல் செய்யிற ஆளின் பெயரைக் கமநலப் பதிவில் போடச் சொல்லுங்கோ. இதை விட்டால் வெள்ளம் வந்தபிறகு அண்ணன் தம்பி முகம் பார்க்க மாட்டாங்கள்.

---

முதலிக்குளத்தான்:

எல்லாம் சரி, ஆனால் சேனநாயக்கவோட மட்டும் நிண்டால் கட்டுரை அரைகுறை. அவர் ஒருவருக்குக் காணியைக் கொடுத்தார். ஏற்கெனவே இருந்த காணியில் குத்தகைக்காரனுக்கு என்ன உரிமை எண்டு அவர் தொடவே இல்லை. அதைத் தொட்டது விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன, 1958இன் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம். குத்தகைக்காரனை நினைச்சபடி எழுப்ப ஏலாது, குத்தகைக்கு உச்ச அளவு, பயிர்ச்செய்கைக் குழு எல்லாம் அதில் வந்தது. 1959இலேயே மனிசன் அமைச்சரவையை விட்டு வெளியேற வேண்டி வந்திட்டுது.

பிறகு 1970–77இல் விவசாய காணி அமைச்சர் ஹெக்டர் கொப்பேகடுவ. கண்டிச் சட்டத்தரணி, யட்டிநுவர உறுப்பினர். 1972இன் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம்: ஒருவருக்கு உச்ச அளவு 50 ஏக்கர், வயல் எண்டால் 25 ஏக்கர். 1975இல் கொம்பனித் தோட்டங்களும் அரசிடம் போச்சு. ரெண்டும் சேர்ந்து ஒன்பது இலட்சம் ஏக்கருக்கு மேல். எங்கட பக்கத்தில் 25 ஏக்கருக்கு மேல் வயல் வைச்சிருந்த போடிமாருக்கு அடி. தோட்டத் தொழிலாளிக்கோ காணியும் கிடைக்கேல்லை, பலருக்கு இருந்த வேலையும் போய், வவுனியா, திருகோணமலைப் பக்கம் வந்து குடியேறினாங்கள். அதே அமைச்சர் இருந்த அரசாங்கம் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினதால் யாழ்ப்பாணத்து விவசாயி தலைநிமிர்ந்தான். 1982 ஜனாதிபதித் தேர்தலில் கொப்பேகடுவவுக்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வாக்கு விழுந்ததுக்கு அதுதான் காரணம் எண்டு சொல்லுவன். காணி கொடுக்கிற அமைச்சரைவிட விலை கொடுக்கிற அமைச்சரைத்தான் விவசாயி நினைப்பான்.

---

கச்சேரிக்காகிதம்:

முதலிக்குளத்தான் சொல்லுறது நியாயம், ஆனால் கட்டுரை நாலு பக்கம்தான், தம்பி. கொப்பேகடுவவுக்கு ஒரு பந்தி போதும். அதைவிட முக்கியம், காணி பெறுகிறவரை யார் தெரிவு செய்வது எண்ட கேள்வி.

1935 சட்டம் அந்த அதிகாரத்தைக் காணி ஆணையாளரிடமும் அரசாங்க அதிபரிடமும் வைச்சது, உள்ளூர்ச் சபை ஒண்டிடமும் இல்லை. சின்னக் கிராம விஸ்தரிப்பில் அதால் பெரிய பிரச்சினை வராது, பக்கத்துக் கிராமத்தான்தான் விண்ணப்பிப்பான். பெரிய குடியேற்றத்துக்கு வெளி மாவட்டங்களில் இருந்து ஆக்களைத் தெரிவு செய்தபோது அதே அதிகாரம் இனப் பிரச்சினையின் நடுப்புள்ளியானது. பிறகு வந்த ஒவ்வொரு உடன்பாடும் அந்தப் புள்ளியில்தான் கை வைக்குது. 1957இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த உடன்படிக்கை தெரிவு அதிகாரத்தைப் பிராந்திய சபைக்குக் கொடுக்கச் சொல்லியது. 1965 டட்லி செல்வநாயகம் உடன்படிக்கை எல்.டி.ஓவைத் திருத்தி, வடக்கு கிழக்கில் முதலில் அந்த மாவட்டத்துக் காணியில்லாதவர், அடுத்து அந்த மாகாணங்களின் தமிழ் பேசுவோர், பிறகு மற்றவர்களில் தமிழருக்கு முன்னுரிமை எண்டு ஒழுங்கு வகுத்தது. தகப்பன் எழுதின சட்டத்தைத் திருத்துவன் எண்டு மகன் கையெழுத்து வைச்சார், திருத்தேல்லை. அப்ப காணி அமைச்சு சி.பி. டி சில்வாவிடம், சிவில் சேவையில் இருந்து வந்தவர், 1956இலும் அதே துறை. 1987இல் அரசியலமைப்புக்கு வந்த 13ஆம் திருத்தம் காணியை மாகாணப் பட்டியலில் போட்டு, 2ஆம் பின்னிணைப்பில் தேசிய காணி ஆணைக்குழுவுக்கு ஏற்பாடு செய்தது. அந்த ஆணைக்குழு அமைக்கப்படவே இல்லை.

வாசகி, தேடுறதுக்கு ஒரு குறிப்பு. அரசாங்க சபை விவாதங்களை "பிரதமர்" எண்டு தேடினால் ஒண்டும் வராது, "விவசாய காணி அமைச்சர்" எண்டு தேட வேண்டும். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் காணி ஆணையாளரின் வருடாந்த நிர்வாக அறிக்கைகள் இருக்கு, மாவட்டம் மாவட்டமாக ஏக்கர் கணக்கு அதில் வரும். போக முதல் எந்த வருடம் வேண்டும் எண்டு எழுதிக்கொண்டு போங்கோ. திருகோணமலையைக் கிழக்கு மாகாணத் தலைப்பின் கீழ் பாருங்கோ, தனித் தலைப்பில் தேடி இல்லை எண்டு திரும்பி வராதீங்கோ. இடப்பெயர்களும் பழைய வடிவில்தான் இருக்கும்: மொறவெவவுக்கு முதலிக்குளம், கோமரங்கடவலைக்குக் குமரேசன்கடவை.

---

மூதூர் வாசகி:

குறிச்சுக்கொண்டேன். 1935, 1946, 1957, 1965 நாலையும் தலைப்பாக வைச்சு எழுதுறேன். வட்டைவிதானை அண்ணை, பெயர் குறிப்புப் பகுதியைத் தனிப் பெட்டியாகப் போடலாமோ?

---

வட்டைவிதானை:

தாராளமாகப் போடுங்கோ. "மரணத்துக்கு முன் பதிவு" எண்ட வரியை மட்டும் தடிச்ச எழுத்தில் போடச் சொல்லுங்கோ. 2022 திருத்தத்தையும் விட வேண்டாம். இன்னும் சில கந்தோரில் பழைய அட்டவணையைக் காட்டி மகளைத் திருப்பி அனுப்பினால், சட்ட இலக்கத்தைச் சொல்லிக் கேட்கலாம்.